.45 கோல்ட், .45 ஏசிபி, .44 மேக்னம், .50 ஏஈ: பருமன் ஒன்று போல, தோட்டா வேறு வேறு

கேள்வி இது: ".45 கோல்ட், .45 ஏசிபி, .44 மேக்னம், .454 கேசல், 10 மி.மீ., .50 ஏஈ எல்லாமே கிட்டத்தட்ட ஒரே பருமன்தானே? ரிவால்வருக்கு ஒன்று, பிஸ்டலுக்கு ஒன்று என்று ஏன் இத்தனை? ஒன்றுக்கு வாங்கியதை இன்னொன்றில் போட முடியுமா?"

கடைசிக் கேள்விக்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் முடியாது. சில ஜோடிகளில் ஒரு திசையில் மட்டும் முடியும். சில ஜோடிகளில் உள்ளே போகும், ஆனால் போடக்கூடாது. எது எந்த வகை என்று தெரிய, பெயரில் இருக்கும் எண்ணை ஓரமாக வைத்துவிட்டு மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: அறைக்குள் (குழலுக்குப் பின்னால் தோட்டா அமரும் இடம்) தோட்டா எதன்மேல் தங்கி நிற்கிறது, பித்தளைக் கூடு எந்தக் காலத்து வெடிமருந்துக்காக அளவெடுக்கப்பட்டது, உள்ளே எழும் அழுத்தம் எவ்வளவு.

எண்ணை ஏன் ஓரமாக வைக்கச் சொல்கிறேன் என்றால், அது பல இடங்களில் அளவே இல்லை. .44 மேக்னத்தின் குண்டு (தோட்டாவிலிருந்து பறந்து போகும் பகுதி) 0.429 அங்குலம், அதாவது 10.9 மி.மீ. உண்மையில் அதை .43 என்றுதான் அழைத்திருக்க வேண்டும். 1870 வாக்கில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செய்த .44 அமெரிக்கன் தோட்டாவில் குண்டும் கூடும் வெளியே ஒரே பருமன். குண்டின் அடிப்பாகம் மட்டும் சற்று மெலிந்து கூட்டுக்குள் செருகியிருக்கும். குண்டில் பூசிய கொழுப்பு வெளியே தெரிய, தூசியெல்லாம் அதில் ஒட்டும். ரஷ்யப் படைக்கு ரிவால்வர் செய்தபோது குண்டு முழுவதும் கூட்டுக்குள் அமரும்படி மாற்றினார்கள். குண்டு மெலிந்தது, பெயர் மெலியவில்லை. .44 ரஷ்யன், 1907இல் வந்த .44 ஸ்பெஷல், 1955 கடைசியில் வந்த .44 மேக்னம் எல்லாம் அந்த வாரிசுகள். .45 கோல்ட்டின் குண்டும் ஆரம்பத்தில் 0.454 அங்குலம், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு.45 ஏசிபிக்கு நெருக்கமான 0.452க்கு வந்தது.

இப்போது முக்கியமான ஜோடிக்கு வருவோம்.

.45 கோல்ட்டை அமெரிக்க ராணுவம் 1873இல் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரோடு ஏற்றது. கூட்டின் நீளம் 32.6 மி.மீ. 255 கிரெயின் குண்டுக்குப் பின்னால் 40 கிரெயின் கரிமருந்து (ஒரு கிரெயின் 0.0648 கிராம், குண்டு 16.5 கிராம்). கரிமருந்து இடத்தை அடைக்கும் சரக்கு. அதைக் கொண்டு வேகம் வேண்டுமென்றால் கூடு நீளமாக இருந்தே தீர வேண்டும். அதனால்தான் அந்த நீளம்.

1892இல் ராணுவம் .38 லாங் கோல்ட்டுக்கு மாறியது. பிலிப்பைன்ஸ் சண்டைகளில் அது போதவில்லை என்று புகார் வர, பழைய .45 ரிவால்வர்களைத் தூசி தட்டி அனுப்பினார்கள். 1904இல் தாம்ஸன், லகார்ட் என்ற இரு அதிகாரிகள் சிகாகோவின் மாட்டுத் தொட்டியில் சோதனைகள் நடத்தி, .45க்குக் குறைந்த பருமன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சோதனைகளின் முறையை அறிவியல் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் முடிவு நிலைத்துவிட்டது. ஜான் பிரௌனிங் வடிவமைத்த .45 ஏசிபி (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்) 1905இல் வந்து, 1911 மார்ச்சில் எம்1911 பிஸ்டலோடு படைக்குள் நுழைந்தது. குண்டு 230 கிரெயின் (14.9 கிராம்), வேகம் விநாடிக்குச் சுமார் 253 மீட்டர். கூட்டின் நீளம் 22.8 மி.மீ. மட்டுமே.

இன்றைய சாதாரணக் கடைத் தோட்டாவை எடுத்தால், .45 கோல்ட் 16.5 கிராம் குண்டை 262 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. ஆற்றலில் கோல்ட் சுமார் 570 ஜூல், ஏசிபி 480. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கோல்ட் கூட்டின் கொள்ளளவு ஏசிபியுடையதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. புகையில்லா மருந்து வந்த பிறகு அதே வேலையைச் சின்னக் கூடே செய்துவிடுகிறது, அவ்வளவுதான். பிஸ்டலுக்குச் சின்னக் கூடுதான் வேண்டும். ஏனென்றால் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் கைப்பிடிக்குள் இருக்கிறது. 32.6 மி.மீ. கூடும் அதன்மேல் குண்டும் நிற்கும் நீளத்துக்குக் கைப்பிடி செய்தால், சராசரிக் கை அதைச் சுற்றி வளைக்காது.

அழுத்தத்தில்தான் வேறுபாடு. அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் அளவுக் கழகத்தின் பெயரைச் சுருக்கி ஏறக்குறைய 'சாமி' என்றே உச்சரிப்பார்கள். நம் காதுக்கு வேறு மாதிரி கேட்கும். ஆனால் அழுத்த வரம்பில் அதன் சொல்தான் வேதவாக்கு. அது .45 கோல்ட்டுக்கு விதித்த உச்சம் 14,000 பிஎஸ்ஐ. .45 ஏசிபிக்கு 21,000. கார் டயருக்கு 32 அடிக்கிறோமே, அதே பிஎஸ்ஐதான். கோல்ட்டின் வரம்பு தாழ்வாக இருப்பதற்குத் தோட்டா காரணமில்லை. 19ஆம் நூற்றாண்டு இரும்பில் செய்த துப்பாக்கிகள் இன்றும் புழக்கத்தில் இருப்பதுதான் காரணம். கடையில் வாங்கும் பெட்டியை யார் எந்தத் துப்பாக்கியில் போடுவார் என்று தெரியாதல்லவா?

இனி, தோட்டா எதன்மேல் நிற்கிறது என்பது. சுத்தியல் அடிக்கும்போது தோட்டா முன்னால் நகர்ந்துவிடாமல் ஏதோ ஒன்று தடுக்க வேண்டும். அந்தத் தடுப்புக்கும் பின்சுவருக்கும் இடைப்பட்ட தூரத்தை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். ரிவால்வர் தோட்டாவுக்கு அடியில் வெளியே நீட்டிய விளிம்பு உண்டு. தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டரின் பின்முகத்தில் அந்த விளிம்பு தட்டி நிற்கும். பிஸ்டல் தோட்டாவுக்கு விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தால் மேகசினில் ஒன்றன் விளிம்பு அடுத்ததன் பின்னால் மாட்டிக்கொள்ளும். அதனால் .45 ஏசிபியில் விளிம்பு கூட்டின் பருமனோடு ஒட்டியே இருக்கிறது. பிறகு எது தடுக்கும்? கூட்டின் வாய். அறையின் முன்பகுதியில் சின்ன படி ஒன்று வெட்டியிருக்கும்; கூட்டின் வாய் அதில் முட்டி நிற்கும்.

இதிலிருந்தே பாதிக் கேள்விக்குப் பதில் வந்துவிடுகிறது. .45 கோல்ட் ரிவால்வரின் அறையில் .45 ஏசிபியைப் போட்டால், பிடிக்க விளிம்பும் இல்லை, முட்டப் படியும் சரியான இடத்தில் இல்லை. தோட்டா முன்னால் சரிந்து உள்ளே போய்விடும். சுத்தியல் எட்டாது. ரூகர் பிளாக்ஹாக் ரிவால்வரில் .45 கோல்ட்டுக்கு ஒன்று, .45 ஏசிபிக்கு ஒன்று என்று இரண்டு சிலிண்டர்களாகத் தருவது இதனால்தான். குழல் ஒன்றே போதும். அறைதான் வேறாக வேண்டும். அந்த ஏசிபி சிலிண்டரில் கிளிப் (தோட்டாக்களைக் கவ்வும் தகடு) எதுவும் தேவையில்லை, கூட்டின் வாய் படியில் நிற்கும், காலிக் கூட்டைக் கம்பி முன்னாலிருந்து தள்ளிவிடும்.

பக்கவாட்டில் திறக்கும் ரிவால்வருக்கு அந்த வசதி கிடையாது. நட்சத்திர வடிவ எக்ஸ்ட்ராக்டர் விளிம்பைப் பிடித்துத்தான் கூடுகளை வெளியே தூக்கும். முதல் உலகப் போரில் பிஸ்டல் போதாமல் கோல்ட்டும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் எம்1917 என்ற ரிவால்வரை .45 ஏசிபிக்குச் செய்தபோது, மூன்று தோட்டாக்களைக் கவ்வும் அரைநிலா எஃகுத் தகடு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அந்தத் தகடு விளிம்பின் வேலையைச் செய்யும். ஆறையும் சேர்த்துப் பிடிக்கும் முழுநிலா கிளிப் பின்னால் வந்தது. ஆரம்பகாலக் கோல்ட் எம்1917களில் அறை நேராகத் துளைக்கப்பட்டு, படியே இல்லை. கிளிப் இல்லாமல் போட்டால் தோட்டா சரியும், வெடிக்காது. ஸ்மித்தில் படி உண்டு, வெடிக்கும்; ஆனால் காலிக் கூட்டை நகத்தாலோ பென்சிலாலோ நெம்பி எடுக்க வேண்டும். 1920இல் பீட்டர்ஸ் கம்பெனி .45 ஆட்டோ ரிம் என்று ஒரு தோட்டாவைக் கொண்டுவந்தது: அதே ஏசிபி, ஆனால் சொந்தமாகத் தடித்த விளிம்போடு. அந்த விளிம்பு சுமார் 2.3 மி.மீ., சாதாரண ஏசிபி விளிம்போ 1.24. கிளிப்பும் சேர்ந்து அடைக்கும் இடத்தை அது ஒற்றையாக அடைக்கிறது.

கிளிப்பில் வரும் தொல்லைகளில் பத்துக்கு ஒன்பது வளைவினால். தகட்டின் தடிமன் 0.9 மி.மீ. அளவுதான், கையால் கூடுகளை முறுக்கிக் கழற்றும்போது கண்ணுக்குத் தெரியாமல் கோணும். கோணிய கிளிப்போடு சிலிண்டர் பாதியில் கனக்கும், விசை இழுக்கக் கடினமாகும், சில அறைகளில் அடி மெதுவாக விழுந்து தோட்டா வெடிக்காமல் போகும். பலர் சுத்தியலின் சுருளைக் குறை சொல்வார்கள். சுட்டு முடிந்த காலிக் கூடுகளைக் கிளிப்பில் பூட்டி, சிலிண்டரில் வைத்து, மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். உரசினால் அந்தக் கிளிப் குப்பைக்கு. கழற்றுவதற்கென்று குழாய் போன்ற கருவி விற்கிறது. கையை நம்பாமல் அதை வாங்குவதே லாபம். இன்னொன்று: கூட்டின் பள்ளம் கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும். ஒரு பிராண்டில் இறுகப் பிடிக்கும் கிளிப் இன்னொன்றில் லொடலொடக்கும். ஒரு கிளிப்புக்கு ஒரே பிராண்டுக் கூடு என்று வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை.

குண்டைக் கூட்டின் வாய் இறுக்கிப் பிடிக்கும் விதத்தைக் க்ரிம்ப் என்பார்கள். வாங்குகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. ஆனால் ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் இங்கே நேர் எதிர்த் தேவை. ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கி முழுவதும் பின்னால் பாய்கிறது. சிலிண்டரில் காத்திருக்கும் மற்ற தோட்டாக்களின் கூடு விளிம்போடு சேர்ந்து பின்னால் போக, குண்டு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். விளைவு, குண்டு கூட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வெளியே வரும். அது சிலிண்டரின் முகத்தைத் தாண்டி நீட்டினால் துப்பாக்கியின் சட்டகத்தில் முட்டி, சிலிண்டர் பூட்டிக்கொள்ளும். இதைத் தடுக்க ரிவால்வர் தோட்டாவின் வாயைக் குண்டிலுள்ள பள்ளத்துக்குள் மடித்து உருட்டுவார்கள்.

பிஸ்டலில் தொல்லை மறுபக்கம். மேகசினிலிருந்து மேலேறும் தோட்டாவின் மூக்கு சாய்தளத்தில் மோதும். குண்டு கூட்டுக்குள் பின்வாங்கும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். ஒரே தோட்டாவை அறையில் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி வைத்திருப்பவர்கள் அந்தத் தோட்டாவைப் புதியதோடு பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். கண்ணுக்கே குட்டையாகத் தெரிந்தால் சுடாமல் ஒதுக்கிவிடுவது நல்லது. 10 மி.மீ., .40 போன்ற அழுத்தம் கூடிய தோட்டாக்களில் இது இன்னும் கண்டிப்பு. ஆனால் அதற்காக ரிவால்வர் போல வாயை மடிக்கவும் முடியாது, ஏனென்றால் தோட்டா நிற்பதே அந்த வாயின்மேல்தான். ஏசிபியின் வாயைச் சரிவாக இறுக்கி 0.470 அங்குலம் அளவில் விடுவார்கள். அதிகம் இறுக்கினால் வாய் படியைத் தாண்டி உள்ளே நழுவும். எம்1911 பிஸ்டலில் இது பல நாள் வெளியே தெரியாது. எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி தோட்டாவைப் பிடித்துத் தொங்கவிட்டபடியே வெடிக்க வைக்கும். கொக்கி தேய்ந்த பிறகுதான் "திடீரென்று" வெடிக்காமல் போகத் தொடங்கும்.

இதில் இடையில் மாட்டிக்கொள்வது ரிவால்வரில் சுடும் .45 ஏசிபி. பிஸ்டலுக்காக இறுக்கிய தோட்டாவுக்கு ரிவால்வரின் இழுப்பு. கனமான எஃகு ரிவால்வரில் பிரச்சினை வராது. எடை குறைந்த அலாய் சட்டகத்தில் வரும். சோதிப்பது எளிது: முழுவதும் நிரப்பி, ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சுட்டுவிட்டு, மிஞ்சிய ஒன்றின் நீளத்தை வெர்னியரில் முன்பு அளந்ததோடு ஒப்பிடுங்கள். நீண்டிருந்தால் அந்த பிராண்டு அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

.45 கோல்ட்டுக்கென்றே இரண்டு தனித் தொல்லைகள் உண்டு. ஒன்று, விளிம்பு சிறுத்தது. கூடு 0.480 அங்குலம் என்றால் விளிம்பு 0.512தான். ஒவ்வொரு கூடாகக் கம்பியால் தள்ளும் பழைய ரிவால்வருக்கு அது போதும். நட்சத்திர எக்ஸ்ட்ராக்டரில் விளிம்பு நழுவி, கூடு எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் போய்ச் சிக்கும். துப்பாக்கியின் வாயை மேலே நிமிர்த்திவைத்து ஒரே அழுத்தாக அழுத்தினால் இது குறையும். லீவரை இழுத்துத் தோட்டா ஏற்றும் நீளத் துப்பாக்கிகளுக்கும் ஆரம்பகால மெல்லிய விளிம்பு தோது இல்லை. கௌபாய் படங்களில் வருவது எதுவானாலும், வின்செஸ்டர் 1873 துப்பாக்கி .44-40 தோட்டாவுக்குத்தான் செய்யப்பட்டது.

இரண்டாவது, அளவுக் குழப்பம். சிலிண்டர் அறையின் முன்வாயைத் தொண்டை என்பார்கள். குண்டு அதன் வழியாகத்தான் குழலுக்குள் தாவும். குண்டு 0.454இலிருந்து 0.452க்கு இறங்கிய பிறகும் பல .45 கோல்ட் சிலிண்டர்களில் தொண்டை 0.456 அங்குலம் அளவில் அகலமாகவே இருந்தது. சில ரூகர்களில் நேர்மாறாகத் தொண்டை 0.450 என்று இறுக்கம். அகலமானால் குண்டு தள்ளாடிப் போகும். இறுக்கமானால் ஈயக் குண்டு பிழியப்பட்டு மெலிந்து, குழலை நிரப்பாமல் போய், ஈயத்தை உள்ளே பூசிவிடும். துப்பாக்கி குறி தவறுகிறது என்று குழலை மாற்றுவதற்குமுன் ஒரு சுத்த ஈயக் குண்டை விரலால் ஒவ்வொரு தொண்டையிலும் தள்ளிப் பாருங்கள். லேசான அழுத்தத்தில் வழுக்கிப் போக வேண்டும். தானாக விழுந்தாலும், சுத்தியால் தட்டினால்தான் போகும் என்றாலும் கோளாறு அங்கேதான்.

வீட்டில் தோட்டா நிரப்புகிறவர்களுக்கு ஒரு சொல். நீளமான கோல்ட் கூட்டில் புகையில்லா மருந்து அடியில் கொஞ்சமாகத்தான் கிடக்கும். தவறி இரண்டு மடங்கு விழுந்தாலும் வழியாது, எளிதில் கண்ணிலும் படாது. குண்டு வைப்பதற்குமுன் எல்லாக் கூடுகளையும் தட்டில் நிறுத்தி விளக்கு வெளிச்சத்தில் உள்ளே பார்க்கும் பழக்கம் இந்தத் தோட்டாவில் கட்டாயம். கையேடுகளில் "ரூகருக்கு மட்டும்" என்று தனிப் பக்கம் இருக்கும். பிளாக்ஹாக் போன்ற தடித்த சிலிண்டருக்கென்று, சாமி வரம்பைவிட இரு மடங்கு அளவு அழுத்தத்தில் எழுதப்பட்டவை. அந்தத் தோட்டாவும் சாதாரணத் தோட்டாவும் வெளியே பார்க்க ஒரே மாதிரி. சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியிலோ அதன் இத்தாலியப் பிரதிகளிலோ போய்விட்டால் சிலிண்டர் பிளக்கும். பெட்டியில் மை வைத்து எழுதினால் போதாது. கூட்டின் அடியிலேயே நிறம் பூசி வையுங்கள்.

ஒரு திசையில் மட்டும் செல்லும் ஜோடிகள் இங்கிருந்துதான் வருகின்றன. .44 ஸ்பெஷலின் கூடு 29.5 மி.மீ., வரம்பு 15,500 பிஎஸ்ஐ. அதை மூன்று மி.மீ. நீட்டி 32.6 ஆக்கியதுதான் .44 மேக்னம், வரம்பு 36,000. நீட்டியது மருந்துக்கு இடம் போதாமல் அல்ல. பழைய ஸ்பெஷல் ரிவால்வரின் அறைக்குள் இது நுழையக்கூடாது என்பதற்காக. அதே கதைதான் .45 கோல்ட், .454 கேசல், .460 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்: 32.6, 35.1, 45.7 மி.மீ. கேசலுக்கும் .460க்கும் வரம்பு 65,000 பிஎஸ்ஐ. ரைபிளின் அழுத்தம் அது. சுத்தியல் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமரில், ரைபிளுக்கான சின்ன வகையைக் கேசலில் பொருத்துவதும் அதனால்தான். பிஸ்டல் ப்ரைமரின் மெல்லிய கிண்ணம் அந்த அழுத்தத்தில் துளைபட்டுவிடும்.

ஆக, நீண்ட அறையில் குட்டைத் தோட்டா சுடலாம். குட்டை அறையில் நீண்டது புகாது. சுடலாம் என்பதற்கு ஒரு வட்டி உண்டு. குட்டைக் கூட்டின் வாய் முடியும் இடத்தில் கரியும் ஈயமும் வளையமாகப் படியும். அடுத்த நாள் நீண்ட தோட்டாவைப் போட்டால் அந்த வளையத்தில் இடிக்கும். கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளினால் கூட்டின் வாய் விரிய இடமில்லாமல் குண்டை விடாது, அழுத்தம் ஏறும். சுட்ட கூடு ஒட்டிக்கொண்டு வெளியே வராது. .44 மேக்னத்தில் ஸ்பெஷல் சுடுகிறவர்கள், அன்றே பித்தளைத் தூரிகையால் அறையின் முன்பாதியைத் தேய்த்துவிட்டால் இது வராது.

விளிம்பில்லாத தோட்டாக்களில் இந்த ஒருதிசைப் பாதையும் கிடையாது. .40 தோட்டா 10 மி.மீ. தோட்டாவின் குட்டைத் தம்பி, 21.6க்கு 25.2 மி.மீ. 10 மி.மீ. பிஸ்டலில் .40ஐப் போட்டால் கூட்டின் வாய் படியைத் தொடாமல் 3.6 மி.மீ. பின்னாலேயே நிற்கும். கொக்கி ஒன்றுதான் தாங்குகிறது. "சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவர்கள் கொக்கியின் புண்ணியத்தில் பேசுகிறார்கள். ஆனால் ஸ்மித் 610 என்ற 10 மி.மீ. ரிவால்வரில் .40ஐ முழுநிலா கிளிப்போடு சுடலாம். அங்கே நிறுத்துவது கிளிப்.

மேக்னம் ஆற்றலைப் பிஸ்டலுக்குள் திணிக்கப் பலர் முயன்றார்கள். 1971இல் வந்த .44 ஆட்டோ மேக்கின் கூட்டை .308 ரைபிள் கூட்டை வெட்டிச் செய்ய வேண்டியிருந்தது. துப்பாக்கி வாங்கியவருக்குத் தோட்டா கடையில் இல்லை. அப்படி ஒரு வியாபாரம் எத்தனை நாள் ஓடும்? .45 வின்செஸ்டர் மேக்னம், ஏசிபி கூட்டை 30.4 மி.மீ.க்கு நீட்டி 40,000 பிஎஸ்ஐ கொடுத்தது. வைல்டி, கிரிஸ்லி போன்ற இரண்டு மூன்று துப்பாக்கிகளுக்கு அப்பால் பரவவில்லை.

நிலைத்தது டெசர்ட் ஈகிள் பிஸ்டல். குழலிலிருந்து வாயுவை எடுத்து, மேலே முன்பின் ஓடும் ஸ்லைடை இயக்கும், ரைபிள் போன்ற அமைப்பு. அதில் .44 மேக்னம் அப்படியே ஓடும், விளிம்போடு. ஆனால் நிபந்தனைகள் உண்டு. ஈயம் வெளியே தெரியும் வெறும் குண்டு கூடாது. வாயு போகும் துளையில் ஈயம் அடைத்தால் கழற்றிச் சுத்தம் செய்வது பெரும்பாடு. .44 ஸ்பெஷல் போட்டால் ஸ்லைடு பின்னால் வராது, வாயு போதாது. மேகசினில் ஏற்றும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்கும்படி அடுக்க வேண்டும், மாறினால் பூட்டிக்கொள்ளும்.

.50 ஏஈ (ஆக்ஷன் எக்ஸ்பிரஸ்) இந்தத் துப்பாக்கிக்குக் கச்சிதமாகத் தைத்த சட்டை. 1988இல் வந்தது. கூடு பருத்தது, ஆனால் அடிவிளிம்பை மட்டும் குறுக்கி .44 மேக்னத்தின் அளவிலேயே விட்டார்கள். கூட்டின் நீளமும் அதே 32.6 மி.மீ., வரம்பும் அதே 36,000 பிஎஸ்ஐ. அதனால் டெசர்ட் ஈகிளில் .44இலிருந்து .50க்கு மாறக் குழலையும் மேகசினையும் மாற்றினால் போதும், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் அதேதான். குண்டு முதலில் 0.510 அங்குலமாக இருந்தது. அமெரிக்கச் சட்டத்தில் குழலின் பருமன் அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பதால் 0.500க்கு இறக்கினார்கள். அபூர்வமாக, பெயரும் அளவும் ஒத்துப்போகும் தோட்டா!

10 மி.மீ. ஆட்டோவையும் .41 மேக்னத்தையும் சமம் என்று சொல்வோர் உண்டு. குண்டின் பருமன் 0.400, 0.410, அருகருகேதான். 1983இல் நார்மா கம்பெனி செய்த 10 மி.மீ. 200 கிரெயின் குண்டை 366 மீட்டரில் தள்ளியது, சுமார் 870 ஜூல். 1964இல் வந்த .41 மேக்னம் 210 கிரெயினை 396இல் தள்ளினால் 1,070. ஆனால் இன்று கடையில் கிடைக்கும் பல 10 மி.மீ. தோட்டாக்கள் .40 அளவுக்கு நீர்த்தவை. அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ, 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கி மோதலுக்குப் பிறகு 10 மி.மீ.ஐ எடுத்து வேகத்தைக் குறைத்துக் கேட்டது. குறைத்த வேகத்துக்கு இத்தனை நீளக் கூடு எதற்கு என்றுதான் 1990இல்.40 பிறந்தது. பெட்டியின் மேல் எழுதிய வேகத்தைப் பார்க்காமல் 10 மி.மீ. என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்.

வேகம் என்றதும் இன்னொரு பொறி. பிஸ்டல் குழலின் நீளத்தில் அறையும் சேர்ந்தது. ரிவால்வரின் நீளத்தில் சிலிண்டர் சேராது. 5 அங்குல 1911இல் குண்டு ஓடும் தூரம் நாலேகால் அங்குலம் சுற்றிதான். 4 அங்குல ரிவால்வரில் சிலிண்டருக்குள் ஓடும் தூரமும் கூடுதல். பதிலுக்கு ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி வழியாக வாயு கசியும். அது 0.10 முதல் 0.20 மி.மீ. வரை இருந்தால் நல்லது, 0.25ஐத் தாண்டினால் பக்கத்தில் நிற்பவர்மேல் தூள் தெறிக்கும்.

கை உணர்வதை ஒப்பிட ஜூலைவிட உந்தம் பொருத்தம்: எடையை வேகத்தால் பெருக்குவது. கிலோகிராம்-மீட்டர்/விநாடியில், .45 ஏசிபி 3.8, .45 கோல்ட் 4.3, 10 மி.மீ. 4.7. .44 மேக்னம் (15.6 கிராம், 360 மீட்டர்) 5.6. .50 ஏஈ (19.4 கிராம், சுமார் 450) 8.7. .454 கேசல் (அதே எடை, சுமார் 495) 9.6. இதைத் துப்பாக்கியின் எடையால் வகுங்கள். 1.1 கிலோ எம்1911 பிஸ்டல் விநாடிக்கு 3.4 மீட்டரில் பின்னால் வரும். 1.3 கிலோ ரிவால்வரில் .44 மேக்னம் 4.3. இரண்டு கிலோ டெசர்ட் ஈகிளில் .50 ஏஈ 4.4! பேரைக் கேட்டு நடுங்குகிறார்கள், கைக்கு அது.44 மேக்னம் ரிவால்வர் மாதிரிதான், ஸ்லைடின் ஓட்டம் உதையைக் கொஞ்சம் நீட்டியும் விடும். உண்மையில் பல்லைக் கடிக்க வைப்பது 1.4 கிலோ ரிவால்வரில் கேசல்: 6.9. மருந்தின் வாயு தரும் தள்ளல் இதில் சேரவில்லை. அதையும் கூட்டினால் மருந்து அதிகம் எரிக்கும் கேசல் இன்னும் மேலே போகும்.

உள்ளே போகும் ஆனால் போடக்கூடாது என்று முதலில் சொன்னேனே, அதன் முழு உதாரணம் வெப்லி. பிரிட்டிஷ் இந்தியப் படை அதிகாரிகள் இடுப்பில் கட்டிய .455 வெப்லி ரிவால்வர், 17.2 கிராம் குண்டை விநாடிக்கு 185 மீட்டர் அளவில் மெதுவாகத் தள்ளும் துப்பாக்கி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இவை மலிவாக அமெரிக்காவுக்குப் போனபோது .455 தோட்டா அங்கே கிடைக்கவில்லை. சிலிண்டரின் பின்முகத்தைச் சாணை பிடித்து, .45 ஏசிபியை அரைநிலா கிளிப்போடு போடும்படி செய்து விற்றார்கள். அழகாகப் பொருந்தும், சுடும். ஆனால் .455க்கு ஐரோப்பிய வரம்பு சுமார் 900 பார் (ஒரு பார் 14.5 பிஎஸ்ஐ); .45 ஏசிபிக்கு 1,300. பட்டறையில் புதுத் துப்பாக்கியைச் சோதிக்க ஒரே ஒருமுறை கொடுக்கும் மிகை அழுத்தத்தை, நூறு வயதான சிலிண்டர் இங்கே ஒவ்வொரு சுடுதலிலும் வாங்குகிறது. முதல் பெட்டியில் ஒன்றும் ஆகாமல் போகலாம்; வாங்கியவர் அதை வைத்தே தைரியம் கொள்வார். விரிசல் பெரும்பாலும் சிலிண்டரின் பூட்டுக் குழிக்குக் கீழே, சுவர் மிக மெல்லியதாக இருக்கும் இடத்தில் தொடங்கும். சாணை பிடித்த வெப்லி கையில் வந்தால் அதற்கு .45 ஆட்டோ ரிம் கூட்டில் .455இன் அழுத்தத்துக்கே நிரப்பிய மெதுவான தோட்டாதான் சரி. அது கிடைக்காவிட்டால் சுவரில் மாட்டி வையுங்கள்.